வாணவேடிக்கைப் பைத்தியம் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் திருமங்கலம் பக்கத்துத் தம்பி, பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்தே வெடி, வாணம் என்றால் உயிராம். தீபாவளியோடு நின்றுவிடாமல் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்காக இதை ஆக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சின்னதாக ஒரு புஸ்வாணமாவது செய்து பார்க்கலாமா, இல்லையென்றால் எதைக் கற்றுக்கொள்வது, நம் பக்கத்தில் எங்கே போய்ப் பார்ப்பது, படிப்பு முடிந்தால் இந்தத் தொழிலில் வேலை உண்டா என்று நாலு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம் தம்பி. உரிமம் இல்லாமல் பட்டாசு செய்வது 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி குற்றம், ஆனால் நான் தடுப்பது போலீஸுக்குப் பயந்து மட்டும் அல்ல. வேதியியல் படிக்கிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். சமன்பாடு தெரியும், அளவு தெரியும், கல்லூரி ஆய்வகத்தில் அமிலத்தைக் கையாண்ட பழக்கம் இருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும். ஆனால் பட்டாசு மருந்து சமன்பாட்டில் எழுதாத விஷயங்களுக்குத்தான் வெடிக்கும்: இடிக்கும்போது உண்டாகும் உராய்வு, பாலியஸ்டர் சட்டையில் ஏறிய மின்னூட்டம், நேற்றைய மழையின் ஈரம், சித்திரை வெயிலில் சூடேறிய தகரக் கூரை. குளோரேட்டையும் (எரிய ஆக்சிஜன் தரும் உப்பு) கந்தகத்தையும் சேர்க்கும் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காலத்தில் பரவலாகப் புழங்கியதுதான். கந்தகத்தில் எப்போதும் துளி அமிலம் ஒட்டியிருக்கும், ஈரம் பட்டால் கூடும், அது குளோரேட்டைத் தாக்கிவிட்டால் பிறகு லேசாகத் தேய்த்தால் போதும், சில சமயம் தேய்க்கக்கூட வேண்டாம். 1992 ஜனவரியில் மத்திய அரசு அந்தக் கலவைக்கே தடை போட்டது.

உரிமம் உள்ள ஆலையில் எப்படி வேலை நடக்கிறது என்று பாருங்கள். மருந்து கலக்கும் அறை தனியாக, மற்ற அறைகளிலிருந்து தள்ளி நிற்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இரும்புக் கருவி உள்ளே வராது, மரம், பித்தளை, அலுமினியம்தான். உள்ளே போகுமுன் உடம்பில் உள்ள மின்னூட்டம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். இத்தனைக்கும் அந்த அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பரம்பரையாகக் கை பழகியவர்கள். அப்படியும் வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்திலிருந்து செய்தி வராத கோடைக்காலம் உண்டா? பெரும்பாலும் காரணம் ‘உராய்வு’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இதில் எது இருக்கிறது?

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியது. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஆலையில் தீப்பிடித்தது. புகையைப் பார்த்துவிட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்கள் பலர். அடுத்தடுத்த வெடிப்பில் செத்தவர்களில் அவர்களும் நிறைய. பட்டாசு ஆலைப் பக்கம் புகை தெரிந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வண்டியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது என்றால், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘இதென்ன, கண் இருந்தால் பார்க்கப் போகிறோம்’ என்பீர்கள். இல்லை. ஊர்த் திருவிழாவில் வாணம் விடும்போது கூட்டம் ‘ஓ’ என்று கத்திவிட்டுக் கலைந்துவிடும், என்ன பார்த்தோம் என்று கேட்டால் ‘செமையா இருந்துச்சு’ என்பதற்கு மேல் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கச்சேரிக்குப் போகிறவனுக்கு ராகம் பிடிபடுவது மாதிரி இதிலும் பழகப் பழகத்தான் பிடிபடும்.

ஒரே ஒரு ஷெல்லை, அதாவது மேலே ஏறி வானத்தில் பூவாக விரியும் வாண உருண்டையை, எடுத்துக்கொள்வோம். தரையில் நட்ட குழாய், அதன் அடியில் உந்து மருந்து, அதன் மேல் ஷெல். திரியில் தீ வைத்ததும் முதலில் ‘தும்’ என்று நெஞ்சில் அடிக்கும் ஒரு சத்தம். அதைக் காதால் கேட்பதைவிட விலா எலும்பால் கேட்பதே அதிகம். அந்தச் சத்தத்தை வைத்தே அடுத்து வரப்போவது சின்னதா பெரிதா என்று சொல்லிவிடலாம். ஷெல் மேலே போகும்போது உள்ளே ஒரு நேரத்திரி எரிந்துகொண்டே போகிறது. அது தீர்ந்ததும் நடுவில் உள்ள வெடிமருந்து பற்றி, சுற்றிலும் அடுக்கிய மணிகளை (நிறம் தரும் மருந்தை உருட்டிய சின்ன உருண்டைகள்) நாலாபக்கமும் வீசுகிறது. நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், அது எங்கே விரிந்தது என்பது. ஏறி, வேகம் குறைந்து, கண நேரம் நின்ற மாதிரி தெரியும் உச்சியில் விரிந்தால் பூ வட்டமாக இருக்கும். ஏறும்போதே வெடித்தால் மொத்தமும் மேலே இழுபட்டிருக்கும். இறங்கும்போது வெடித்தால் தரைப்பக்கம் சரியும், கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. நேரத்திரியின் நீளத்தைச் சரியாக வெட்டினாரா இல்லையா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். செய்தவர் முகத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை, ஆனால் அவர் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, மணி பறக்கும்போது பின்னால் வால் விடுகிறதா என்று பாருங்கள். வால் இல்லாமல் வெறும் நிறப் புள்ளிகளாக விரிந்தால் அதற்கு பியோனி என்று பெயர், பொன்னிறக் கோடு இழுத்துக்கொண்டு விரிந்தால் கிரிசாந்திமம். நாலைந்து தடித்த கைகள் மட்டும் தென்னை மட்டையாக வளைந்தால் பாம், விரிந்தபின் அணையாமல் பொன்னிழையாகத் தரைப்பக்கம் தொங்கிக்கொண்டே வந்தால் வில்லோ. வில்லோவில் கரி அதிகம், அதனால்தான் மெதுவாக எரிந்து அவ்வளவு நேரம் தொங்குகிறது. நடுவானில் சிவப்பு பச்சையாக மாறினால் அந்த மணியை இரண்டு அடுக்காக உருட்டியிருக்கிறார்கள், வெளி அடுக்கு தீர்ந்து உள் அடுக்கு பற்றுகிறது. அப்போது பார்க்க வேண்டியது எல்லா மணியும் ஒரே நேரத்தில் மாறுகிறதா என்று. இருபது முப்பது மணியும் ஒரே கணத்தில் மாறினால் அதை உருட்டிய கைக்கு ஒரு கும்பிடு போடலாம். சிலது முன்னே, சிலது பின்னே என்று மாறினால் அன்றைக்கு அவசர வேலை.

மூன்றாவது, நிறம். இங்கேதான் உங்கள் வேதியியல் உதவிக்கு வரும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், ஆரஞ்சுக்குக் கால்சியம், வெள்ளிப் பொறிக்கு டைட்டானியம், கண்ணைப் பறிக்கும் வெள்ளைக்கு அலுமினியமும் மெக்னீசியமும். நீலத்துக்குத் தாமிரம், கஷ்டம் எல்லாம் அதில்தான். நீல ஒளி தருவது தாமிரத்தின் குளோரைடு. சூடு அதிகமானால் அது சிதைந்துவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடுக்கில் நிற்க வேண்டும். அதனால் எந்த வாணவேடிக்கைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது நீலத்தைத்தான். வெளிறிய ஊதா மாதிரி எதையோ காட்டி நீலம் என்பார்கள், நம்பாதீர்கள். அழுத்தமான நீலம் ஒன்றைப் பார்த்துவிட்டால் தேதி, ஊர் போட்டு எழுதி வையுங்கள், அவ்வளவு அபூர்வம்.

இந்த நிறங்கள் எல்லாம் நேற்று வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. வெடிமருந்து சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உண்டு, 1044-இல் எழுதிய ஒரு சீன ராணுவ நூலிலேயே செய்முறை இருக்கிறது. நம் பக்கம் 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து வாணம் எல்லாம் பொன், வெள்ளை, செம்மஞ்சள், அவ்வளவுதான். வெடியுப்பு, கரி, கந்தகம் என்று மூன்றை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக முடியாது. 1780-களில் பிரான்சில் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைச் செய்த பிறகுதான், அதுவும் அடுத்த நூற்றாண்டில்தான், சிவப்பும் பச்சையும் வானத்துக்கு ஏறின. எனக்கு இன்னமும் பழைய பொன் வாணம்தான் பிடிக்கும். என் பையனுக்கு அது ‘பழைய படம்’. சண்டை ஓயவில்லை.

காதுக்கும் வேலை கொடுங்கள். வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வரும்வரை நொடிகளை எண்ணுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும், மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர். தீபாவளி ராத்திரி மாடியில் நின்று இதைச் செய்தால் எந்தத் தெருவில் வெடிக்கிறார்கள் என்று ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிடலாம். விசில் ராக்கெட்டைக் கேட்டிருப்பீர்கள், அந்தக் கீச்சுக்குரல் போகப்போகத் தடிக்கும். மருந்து எரிய எரியக் குழலுக்குள் காற்று நிற்கும் நீளம் கூடுகிறது, சுருதி இறங்குகிறது. நாதஸ்வரக்காரரிடம் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே ஏதாவது பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடையில் வாங்கிய ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்தி, வேடிக்கை பார்க்காமல் ஆராய்ந்து பாருங்கள். பொறி நேராகப் போய், ஓரிடத்தில் சட்டென்று கிளை பிரியும். அது இரும்புத் தூள், அதிலும் கரிச்சத்து உள்ள இரும்பு. பறக்கும்போது உள்ளே இருக்கும் கார்பன் எரிந்து வாயுவாகி அந்தத் துணுக்கையே உடைக்கிறது. வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் ஓடும்போது போய் நின்று பாருங்கள், கெட்டியான எஃகில் பொறி கொத்துக்கொத்தாகப் பிரியும், கரிச்சத்து குறைந்த மென்மையான இரும்பில் பிரிவு குறைவு. பழைய பட்டறைக்காரர்கள் பொறியைப் பார்த்தே என்ன இரும்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரே மத்தாப்பில் வெள்ளைப் பொறியும் இருந்தால் அது அலுமினியம். அப்புறம் அந்தக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு நகராதீர்கள். ஆயிரம் டிகிரி பார்த்த கம்பி அது, அணைந்த பிறகுதான் குழந்தைகள் காலில் மிதிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், எரிந்ததெல்லாம் அதற்குள்.

கையாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பு இருக்கிறதா? அதற்கும் ஒரு வழி உண்டு, வெடிமருந்தே இல்லாமல். கார்த்திகைக்கு மாவளி சுற்றுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நகரத்தில் மறந்துவிட்டது, பனை இருக்கும் ஊர்களில் இன்னும் சில பெரியவர்களுக்குத் தெரியும். ஆண் பனையின் பூவைப் பறித்து நன்றாகக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, முழுசாகச் சாம்பலாகிவிடாமல் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியை மைபோல அரைத்து, பருத்தித் துணியில் வைத்து, கெட்டியாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். கட்டு இளகினால் ஒரே சுற்றில் கரி கொட்டிப் போகும், காரியம் முழுக்க இந்தக் கட்டில்தான். பிறகு பனைமட்டையைப் பிளந்த துண்டுகளுக்கு நடுவில் அந்தப் பொட்டலத்தைச் செருகி, இரண்டு முனையும் இறுக்கி, நீளமான கயிறு கட்டி, துணியின் ஓரத்தில் ஒரு கங்கு வைத்து, திறந்தவெளியில் தலைக்கு மேல் சுழற்றினால், முதலில் ஒன்றும் நடக்காது, புகைதான் வரும். காற்றுப் பட்டுப் பட்டுக் கங்கு உள்ளே ஏறியதும் வட்டமாகப் பொன்பொறி கொட்டத் தொடங்கும். வேகம் கூட்டினால் பொறி கூடும். ஆளே தெரியாது, பொன் வளையம் மட்டும் தெரியும். வில்லோ ஷெல்லில் தொங்கும் பொன்னிழையும் இதுவும் ஒரே சங்கதி, எரியும் கரித்துகள்.

ஆனால் இதுவும் நெருப்புதான். வைக்கோல் போர், கூரை, காய்ந்த புல் பக்கத்தில் வேண்டாம், பருத்திச் சட்டை போடுங்கள், கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று முதலிலேயே யோசித்து ஆட்களைத் தள்ளி நிற்க வையுங்கள். தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மருந்தைச் சேர்த்து ‘கொஞ்சம் மேம்படுத்தலாம்’ என்ற எண்ணம் மட்டும் வரக் கூடாது, உங்களுக்கு வரும், அதனால் சொல்கிறேன்.

எங்கே பார்ப்பது? தீபாவளியை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2018-இலிருந்து காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மதுரை முழுக்க ஒரே புகை, எதுவும் தனியாகத் தெரியாது. அது கொண்டாட்டம், ரசிப்பதற்கு அல்ல. நீங்கள் போக வேண்டியது பங்குனி, சித்திரை, வைகாசியில் நடக்கும் அம்மன் கோயில் பொங்கல்களுக்கு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஊர்களில் கோயில் வரிப்பணத்தில் வாணத்துக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள், இது செய்கிறவர்கள் ஊர், பக்கத்து ஊருக்குத் தாழ்ந்துபோக மனசு வராது. மதுரையிலிருந்து சிவகாசி எழுபது கிலோமீட்டர் சொச்சம், உங்களுக்குத் திருமங்கலத்திலிருந்து இன்னும் பக்கம். ஊர் ஊராகப் போஸ்டரைப் பாருங்கள், கடைசியில் ‘இரவு மாபெரும் வாணவேடிக்கை நடைபெறும்’ என்று ஒரு வரி இருக்கும். டீக்கடையில் போய் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், போஸ்டரில் போட்ட மணியை நம்பிப் போனால் கொசுக்கடிதான் மிச்சம்.

போனால் சாமி புறப்பாட்டுக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே மைதானத்தைப் பார்த்துவிடுங்கள். குழாய்களை மண்ணில் புதைத்திருக்கிறார்களா, மூட்டை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்களா, சும்மா மேலே நட்டு வைத்திருக்கிறார்களா? சும்மா நட்டிருந்தால் அன்றைக்கு இன்னும் நூறு மீட்டர் பின்னால் போங்கள். ஷெல்லின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 70 அடி தூரம் தள்ளி நிற்பது அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கு, அதாவது நாலு அங்குல ஷெல்லுக்கு 280 அடி, கிட்டத்தட்ட 85 மீட்டர். நம் ஊர்த் திருவிழாவில் அந்த இடைவெளிக்குள் பஜ்ஜிக் கடையே இருக்கும். நீங்கள் கூட்டத்தோடு ஒட்டி நிற்காதீர்கள், நல்ல காட்சி எப்போதும் பின்னால்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, புகை உங்களைத் தாண்டிப் போகாத பக்கமாக நில்லுங்கள். காற்றே இல்லாத புழுக்க ராத்திரி என்றால் முதல் பத்து ஷெல்லை மட்டும் நம்புங்கள், பிறகு புகைக்குள் புகையைத்தான் பார்ப்பீர்கள்.

விடிகாலை வரை முழித்திருக்கத் தெம்பு இருந்தால் கேரளா. பங்குனிக் கடைசியில், ஏப்ரல் 2, 3 வாக்கில், பாலக்காட்டுப் பக்கம் நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா வரும். நம் ஊரிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் போகலாம். அப்புறம் திருச்சூர் பூரம், அங்கே பாறமேக்காவு, திருவம்பாடி என்று இரண்டு கோயில் தரப்பும் போட்டி போடும், பூரத்துக்கு முன்பே ‘சாம்பிள்’ வெடிக்கட்டு (வாணவேடிக்கைக்கு அங்கே அதுதான் பெயர்) என்று ஒரு நாள் உண்டு, பெரிய வெடிக்கட்டு பூரம் முடிந்த விடிகாலையில். அவர்களுக்கு நிறத்தைவிடச் சத்தம்தான் பெரிசு. மெதுவாக ஒவ்வொன்றாகத் தொடங்கி, வேகம் ஏறி ஏறி, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக முடியும், செண்டை மேளம் ஏறும் அதே ஏற்றம்தான். காதில் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் விற்கும் இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். அதே கேரளத்தில் 2016 ஏப்ரல் 10 அன்று பரவூர் புற்றிங்கல் கோயிலில், மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்த போட்டி வெடிக்கட்டில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அனுமதி இல்லாத வாணவேடிக்கை என்று காதில் விழுந்தால் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது. ஜப்பானில் கத்தகாய் என்று ஓர் ஊர் இருக்கிறது, செப்டம்பர் திருவிழாவில் 120 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஷெல்லை மேலே விடுகிறார்கள். அது என் கனவு, உங்களுக்கு வயசு இருக்கிறது.

வாணம் இல்லாத மாதங்களில் என்ன செய்வது? லேபிள் சேகரியுங்கள். இதில் சீரியஸாக இறங்கியவர்கள் தமிழ்நாட்டில் குறைவு என்பது எனக்கு வருத்தம். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் கூடப்பிறந்தவை. 1920-களின் தொடக்கத்தில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள், பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது, 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிம முறை ஏற்பட்ட பிறகு முறையான பட்டாசு ஆலைகள் எழுந்தன. அந்த லேபிள்களில் தாமரையில் லட்சுமி, கிளி, யானை, அணுகுண்டு புகை, ராக்கெட், நடிகை முகம் என்று அந்தந்தக் காலத்தின் ஆசையெல்லாம் இருக்கிறது. பழைய மளிகைக் கடைகளின் பரணில், எடைக்குப் போடும் காகிதக் கட்டில் இன்னும் கிடைக்கும். பெட்டியில் மருந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு அட்டையை மட்டும் எடுங்கள். நமுத்துப்போன பழைய வெடியை ‘கலெக்‌ஷன்’ என்று பீரோவில் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அது பைத்தியக்காரத்தனம்.

விலைப்பட்டியலும் சேகரிக்கலாம். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பூஜை போட்டுப் புதுப் பட்டியல் விடுவது சிவகாசி வழக்கம். எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அச்சடித்த விலையே அதற்குத் தகுந்த மாதிரி ஏற்றியது. பட்டியலை வருஷவாரியாக அடுக்கினால் எந்த ரகம் எப்போது வந்தது, எது காணாமல் போனது என்று தெரியும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை சொன்னது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது, ஆன்லைன் விற்பனையும் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு பட்டியலில் எப்படி இறங்கியது என்று பார்ப்பதே ஒரு பாடம். பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் பச்சை உப்பு என்பார்கள், பச்சை நிறத்துக்கு மட்டும் அல்ல, மத்தாப்பு, புஸ்வாணம் எரியத் தேவையான ஆக்சிஜனுக்கும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். அதனால் அடி எல்லா ரகத்துக்கும் விழுந்தது. மாசு குறைய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் நல்ல பச்சையைப் பார்த்து நாளாச்சு என்ற ஏக்கமும் உண்டு, இரண்டும் உண்மைதான்.

வாங்கும்போது பசுமைப் பட்டாசுக்கான சிஎஸ்ஐஆர்–நீரி (மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம்) முத்திரையும் கியூஆர் குறியீடும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்துக்கும் அளவு உண்டு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். வாங்கியதை ரயிலில் கொண்டுவராதீர்கள், மூன்று வருஷம் வரை ஜெயில் இருக்கிறது. பஸ்ஸில் சீட்டுக்கடியில் வைப்பதும் கூடாது, ஐம்பது பேர் உயிர். பற்றவைத்து வெடிக்காமல் போனதைக் குனிந்து பார்ப்பதுதான் கண் போவதற்கு நேர்வழி. அரை மணி நேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊறப்போடுங்கள். யாருக்காவது கண்ணில் பொறி பட்டால் தேய்க்கவோ எண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் விடவோ கூடாது. அழுத்தாமல் மூடிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குத்தான், மதுரையில் அரவிந்த் இருக்கும்போது நமக்கு அதில் சாக்கு கிடையாது.

இவ்வளவு பேசுகிறவன் இதையும் சொல்ல வேண்டும், எங்கே வெடிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்த ரசனையில் சேர்த்திதான். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு ஊர், 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. கண்மாயில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. ஒரு தீபாவளிக்கு அங்கே போய்ப் பாருங்களேன்.

படம் எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ரெண்டு வரி: முக்காலி கட்டாயம், ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்8 முதல் எஃப்11, ஷட்டரை இரண்டிலிருந்து ஐந்து நொடி திறந்து வையுங்கள், போகஸைத் தூரத்துக்கு வைத்து ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ‘தும்’ கேட்டதும் அழுத்தினால் சரியாக இருக்கும். முதல் வருஷம் கேமராவே கொண்டுபோகாமல் இருந்தால் இன்னும் நல்லது, அதற்குப் பதில் ஒரு நோட்டு. ஊர், தேதி, காற்று, எத்தனை அங்குலம் என்று உங்கள் மதிப்பீடு, நிறம், எங்கே விரிந்தது, மாறியதா. பக்கத்தில் மருந்து போட்ட ஆள் டீ குடிக்க வந்தால் உங்கள் மதிப்பீடு சரியா என்று கேளுங்கள், ரசிக்கத் தெரிந்த ஆளைப் பார்த்தால் அவர்கள் பேசுவார்கள். செய்முறை கேட்டால் எழுந்து போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும்.

கடைசிக் கேள்வி, வேலை. உண்டு. ஒவ்வொரு ஆலைக்கும் தகுதிச் சான்று பெற்ற போர்மேன் வேண்டும், வேதியியல் படித்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்குத் தலைமையிடம் நாக்பூர், சிவகாசியிலும் அலுவலகம் உண்டு, பட்டாசு ஆராய்ச்சி மையமும் அங்கேயே இருக்கிறது. பேரியம் இல்லாமல் பச்சை எடுப்பது எப்படி என்பதுதான் இப்போது தொழிலின் தலைவலி, நீங்கள் எம்.எஸ்ஸி.க்குப் போகிறவரானால் ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு தேடினாலும் கிடைக்காது. ஆனால் போர்மேன் வேலையில் அழகை ரசிக்க நேரம் இருக்காது, காலையில் ஒவ்வோர் அறையாக ஆளை எண்ணி, மருந்து எடையைச் சரிபார்த்து, வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடிக்க வைத்து, ஐந்தாவது ஆள் அறைக்குள் கால் வைத்தால் கத்துவதுதான் வேலை. அதைப் பிடித்துச் செய்ய முடியும் என்று தோன்றினால் திருத்தங்கலில் என் மாமா மகன் ஒருவன் அந்த வேலையில்தான் இருக்கிறான், செமஸ்டர் முடியட்டும், பேச வைக்கிறேன்.